சாயம் பாக்காம எவன்லே ஏலம் எடுப்பான்?

ஏலே மக்கா, அந்தப் போனைச் செத்த கீழ வையேன். இந்தப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துல டவரு கெடைக்கதே குதிரைக்கொம்பு. கெடைச்ச நேரத்துலயும் நீ என்னத்தப் பாக்க? எந்த யூனிவர்சிட்டி எத்தனாவது ரேங்க்குன்னு! நீ கண்ணு வச்சிருக்க யூனிவர்சிட்டி போன வருசம் 42-ல நின்னுச்சாம், இந்த வருசம் 51-க்கு எறங்கிட்டாம். அதுக்கு மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்க. ஏன்லே, நீ அங்க இன்னும் சேரவே இல்லியே? எறங்குனது அவன். மூச்சு ஒனக்கு எதுக்கு வாங்குது?

உங்க அப்பன் கதை அதுக்கு மேல. மலைக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்துல கெடக்க துண்டு நெலத்தை வித்தாவது ஒன்னை நல்ல ரேங்க்குக் காலேஜுல சேத்துரணும்னு ஒத்தக்கால்ல நிக்கானாம். தலைமுறை தலைமுறையா அடுத்தவன் செடியில கொழுந்து பறிச்ச குடும்பம். சொந்தம்னு இருக்க மண்ணு அது ஒண்ணுதான். ஒம்பது படி மேல நிக்க காலேஜுக்காவ அதையும் தள்ளிரணுமாக்கும்?

இங்கன இரி. பாட்டா கங்காணி வேலை பாத்தவன்தான். காலேஜு வாசலை மிதிச்சவன் இல்ல. ஆனா பேப்பர் படிக்கதை மட்டும் விட்டதில்ல. படிச்சவன் பண்ணுத கோட்டித்தனத்தைப் படிக்கதுல தனிச் சொகம் இருக்கு மக்கா.

மொதல்ல இந்த ரேங்க்கை எவன் போடுதான், எப்படிப் போடுதான்னு கேட்டியா? நம்ம நாட்டுல போடுததுக்கு என்.ஐ.ஆர்.எப்.னு பேரு. 2015-ல அறிவிச்சு, 2016-ல மொத பட்டியலை விட்டாங்க. நூத்துக்கு மார்க்கு. படிப்புச் சொல்லிக் குடுக்கதுக்கும் வசதிக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படிச்சு முடிச்ச புள்ளைய என்ன ஆச்சுங்கதுக்கு 20, எல்லாத் தரத்துப் புள்ளையளையும் சேக்காங்களாங்கதுக்கு 10. மிச்சம் 10 இருக்குல்லா? அது எதுக்குத் தெரியுமா? ஊரு என்ன நெனைக்குங்கதுக்கு! மத்த காலேஜு வாத்தியாருமாருகிட்டயும் ஆளெடுக்கவங்ககிட்டயும் கேப்பாங்களாம், ‘எந்தக் காலேஜு நல்ல காலேஜு?’ன்னு. அவன் என்ன சொல்லுவான்? காதுல விழுந்த பேரைச் சொல்லுவான். காதுல எப்படி விழுந்துச்சு? போன வருசத்துப் பட்டியல்ல பாத்திருப்பான்.

சீமைப் பட்டியல்ல கூத்து இன்னும் கூடுதல். கியூ.எஸ்.னு ஒண்ணு இருக்கு. அதுல வாத்தியாருமாரு மத்தியில உள்ள பேருக்கு 30 மார்க்கு, முதலாளிமாரு மத்தியில உள்ள பேருக்கு 15. கூட்டிப் பாரு. பாதிக்குக் கிட்ட வெறும் பேருக்கே போயிட்டு. பேரு இருக்கவனுக்குப் பேரு இருக்குன்னு சொல்ல இவ்வளவு பெரிய கணக்கு வேணுமா?

காலேஜுக குடுக்க கணக்கு மட்டும் சுத்தமா இருக்குமோ? அமெரிக்காவுல கொலம்பியான்னு ஒரு யூனிவர்சிட்டி. அந்த ஊருப் பட்டியல்ல ரெண்டாவது எடத்துல நின்னுச்சு. அங்கயே கணக்கு வாத்தியாரு ஒருத்தரு, மைக்கேல் தாடியஸ்னு பேரு, 2022-ல ஒக்காந்து எங்க யூனிவர்சிட்டி குடுத்த கணக்கு சரியில்லியேன்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் போட்டுட்டாரு. சம்பளம் குடுக்க எடத்துலயே கணக்குக் கேட்டிருக்காரு, மனுசன்! அந்தச் செப்டம்பர்லயே 18-வது எடத்துக்கு வந்துட்டு. ஏன்லே, ஒரே வருசத்துல கட்டடம் சரிஞ்சுதா? வாத்தியாரு ஊமையாப் போனாரா? புள்ளையளுக்குப் புத்தி மங்கிச்சா? ஒண்ணும் ஆகல. தாளுல இருந்த நம்பருதான் ஓடிப்போச்சு. அந்த நம்பரை நம்பிச் சேந்த புள்ளைக்கி என்ன பதிலுன்னு எவனும் சொல்லக் காணோம். 2020-ல நம்ம பழைய ஐ.ஐ.டி. ஏழு பேரும், ‘நீ எப்படிக் கணக்குப் போடுதன்னே வெளங்கலவே’ன்னு டைம்ஸ்னு இன்னொரு சீமைப் பட்டியல்லருந்து ஒதுங்கி நின்னாங்க. மொத வரிசையில நிக்கவனே நம்பல. நீ கெடந்து நம்புத.

சரி, சவத்த விடு. வேலை குடுக்கவன் என்ன பாக்கான்? அதுல்லா சங்கதி.

அதுக்கு நம்ம தோட்டத்துச் சோலியைத்தான் சொல்லணும். தேயிலையில கிரேடுன்னு சொல்லுவோம்லா? பி.ஓ.பி., பேன்னிங்ஸ், டஸ்ட்டு. கிரேடுன்ன ஒடனே ருசின்னு நெனைச்சிருப்ப. வெளியூருக்காரன் எல்லாவனும் அப்படித்தான் நெனைக்கான். அது சல்லடைலே! எலைத்துண்டு பெருசா சின்னதான்னு சலிச்சுப் பிரிக்கதுக்குப் பேருதான் கிரேடு. உள்ள என்ன சாயம் இருக்குன்னு சல்லடைக்கித் தெரியுமா? கொச்சியில 1947-லருந்து தேயிலை ஏலம் நடக்கு. அங்க மூட்டையில தோட்டத்துப் பேரு இருக்கும். அதை மார்க்குன்னு சொல்லுவாங்க. நல்ல மார்க்குன்னா வாங்க வாரவன் ஒருதரம் நின்னு திரும்பிப் பாப்பான். அது நெசம். பேருக்கு அந்த மதிப்பு உண்டு. ஆனா பேரைப் பாத்த ஒடனே பணத்தை எண்ணி வைப்பானா? வெள்ளைப் பீங்கான் கோப்பையை வரிசையா வச்சு, எடை போட்டுத் தூளைப் போட்டு, கொதிக்க தண்ணிய ஊத்தி, மணி பாத்து எறக்கி, சர்ருன்னு உறிஞ்சி, வாயில உருட்டித் துப்புவான். அதுக்குப் பொறவுதான் வெலை. இப்ப ஏலம் கம்ப்யூட்டர்ல நடக்கு. ஆனா கம்ப்யூட்டருக்கு இன்னும் நாக்கு மொளைக்கல.

நம்ம போனக்காட்டு மார்க்கும் ஒரு காலத்துல மார்க்குதான். வெள்ளக்காரன் போட்ட தோட்டம். இன்னைக்கி பேக்டரி துருப்பிடிச்சுக் கெடக்கு. பேயி பங்களாவைப் பாக்க வாரவன் பேக்டரி முன்னாலயும் நின்னு போட்டோ புடிச்சுட்டுப் போறான். அந்தப் பேரை மட்டும் ஒரு சாக்குல அச்சடிச்சு, உள்ள உமியைப் போட்டுக் கொச்சிக்கி அனுப்பு பாப்போம். எவன் கை தூக்குவான்?

ஒன் சர்ட்டிபிக்கட்டுல இருக்க யூனிவர்சிட்டிப் பேரும் அந்த மார்க்குதான் மக்கா.

டெக்னோபார்க்கு கழக்கூட்டத்துல 1990-ல வந்துச்சு. நம்ம தோட்டத்து லயத்துப் புள்ளைய கண்ணுக்கெல்லாம் அதுதான் சொர்க்கவாசல். அங்க இருக்க பெரிய கம்பெனிக்காரன் என்ன செய்யுதான்? டி.சி.எஸ்.காரன் என்.க்யூ.டி.ன்னு நாடு முழுக்க ஒரே பரீட்சை வைக்கான். அதுல வாங்குத மார்க்கை வச்சு நிஞ்சா, டிஜிட்டல், பிரைம்னு ஆளைப் பிரிக்கான். ஒரே காலேஜு, ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸுல கைய விட்டுத் தின்ன கூட்டாளிய. ஒருத்தன் நிஞ்சா, ஒருத்தன் பிரைம். சம்பளம் ரெண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம். எங்கலே போச்சு ஒன் ரேங்க்கு? ரெண்டு பேருக்கும் ஒரே ரேங்க்குக் காலேஜுதான?

இந்தச் சனவரி, பிப்ரவரியில அகத்தியர்கூடம் ஏற வாரவங்களைப் பாத்திருக்கல்லா? பாதிப்பேரு கம்ப்யூட்டர் வேலை பாக்கவங்க. டீக்குடிக்க ஒக்காருதப்போ பேச்சுக் குடுப்பேன். யாரு தம்பி நீங்கன்னு கேட்டா, இன்ன கம்பெனி, இன்ன வேலைம்பான். எங்க படிச்சேங்கதை எவனும் மொதல்ல சொல்ல மாட்டான். மொத வேலை கெடைச்ச அன்னைக்கே காலேஜுப் பேரு பின்வரிசைக்கிப் போயிருது. ஐ.ஐ.டி.காரன் மட்டும் கேக்காமலே சொல்லிருவான். அது ஒரு நோவு, விட்டுரு.

மலைக்கு அந்தப் பக்கம் தென்காசிகிட்ட மத்தளம்பாறைன்னு ஒரு ஊரு. அங்க ஸோஹோ கம்பெனிக்காரன் பன்னெண்டாப்பு, டிப்ளமோ முடிச்ச புள்ளையளை எடுத்து, கையில காசும் குடுத்து, வேலையும் படிச்சுக்குடுத்து, ஆளாக்கி விடுதான். காலேஜுப் பட்டமே வேண்டாங்கான். ஸ்ரீதர் வேம்பு வேட்டியைக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல போற படத்தைப் பாத்திருப்ப. ஆனா நீ கூறுகெட்டவன், அதையும் பாதிதான் கேப்ப. பட்டம் வேண்டாங்க அந்த மனுசனே சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சவரு. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல டாக்டர் பட்டம் வாங்குனவரு. பந்தியில சாப்பிட்டு எந்திச்சவன் பசி பெருசில்லன்னு சொல்லுதப்போ கொஞ்சம் யோசிச்சுக் கேக்கணும்.

லண்டன்ல டெலாய்ட்டுன்னு கணக்கப்புள்ளைக் கம்பெனி. 2015-ல அவங்க ஒரு காரியம் பண்ணுனாங்க. நேர்முகம் எடுக்க ஆளுக்கு, வந்த புள்ளை எந்த யூனிவர்சிட்டின்னு தெரியாதபடி மறைச்சுட்டாங்க. ஏன்னு கேளு. பேரைப் பாத்தா நாக்கு வேலை செய்ய மாட்டேங்கு. அதுதான் காரணம். அதே வருசம் ஈ.ஒய்.னு அதே தொழில் பாக்க இன்னொரு கம்பெனிக்காரனும் தான் எடுத்த புள்ளையளையே ஆராஞ்சு பாத்துட்டு, காலேஜு மார்க்குக்கும் வேலைப் பரீட்சையில தேறுததுக்கும் பெருசாத் தொடர்பு இல்லன்னு சொல்லி, மார்க்கு வரம்பை எடுத்துட்டான்.

இதைக் கேட்டுட்டு, ‘அப்பம் ரேங்க்கு ஒரு மண்ணும் இல்ல பாட்டா’ன்னு குதிக்காத. ஒன்னைக் குதிக்கச் சொல்லல. பாதியில எந்திச்சு ஓடுதவனுக்குப் புத்தி சொல்லி என்ன புண்ணியம்?

பேரு வேலை செய்யுத எடமும் இருக்கு. லாரன் ரிவேரான்னு ஒரு அம்மா அமெரிக்காவுல பெரிய பெரிய பேங்கு, ஆலோசனைக் கம்பெனி, வக்கீல் கம்பெனிக்குள்ள பூந்து பாத்து 2015-ல புஸ்தகமா எழுதிச்சு. அவன் நாலஞ்சு காலேஜுப் பேரைத் தவிர மத்த விண்ணப்பத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்கதில்லியாம். இங்கயும் அதே கதைதான். கம்பெனிக்காரன் வளாகத்துக்கே வராத காலேஜுல ஒன் திறமையை நீ ஆருகிட்ட காட்டப்போற? பெஞ்சுகிட்டயா? நாட்டுல 2021-22 கணக்குப்படி 1,168 யூனிவர்சிட்டி, 45,473 காலேஜு. எல்லா வாசலுக்கும் போக அவனுக்குப் பெட்ரோல் காசு ஆரு குடுப்பா? அவன் சோம்பேறி மக்கா. சோம்பேறிக்கிச் சல்லடை வேணும். பேருதான் அவன் சல்லடை.

கவர்மெண்டே அந்தச் சல்லடையைக் கையில எடுத்த கதை கேளு. பிரிட்டன்ல 2022-ல புதுசா ஒரு விசா கொண்டாந்தான். உலக ரேங்க்குப் பட்டியல்கள்ல மொத 50-க்குள்ள வந்த காலேஜுல படிச்சவன், கையில வேலை இல்லாமலே சீமைக்கி வரலாம்னான். மொத பட்டியல்ல நம்ம இந்தியாவுல ஒரு காலேஜு கூட இல்ல. ஐ.ஐ.டி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம ஊருல தலையில வச்சு ஆடுத பேரெல்லாம் அந்த வாசல்ல செல்லாக்காசாப் போச்சு. பாத்தியா? ரேங்க்குல மேல நிக்கதும் எந்தத் திண்ணையில நின்னு பாக்கோங்கதுலதான் இருக்கு.

நம்ம திண்ணையிலயே பாரேன். விதுராவுல அறிவியல் படிப்புக்கு ஐசர் இருக்கு, 2008-ல வந்தது. நெடுமங்காட்டுகிட்ட வலியமலையில விண்வெளிப் படிப்புக்குன்னே ஐ.ஐ.எஸ்.டி. இருக்கு, 2007-ல. அங்க பி.டெக். சேந்து, அவங்க சொல்லுத மார்க்கை எடுத்துட்டா இஸ்ரோவுல வேலைக்கி வழி இருக்கு. எத்தனாவது ரேங்க்குன்னு எவன் பாக்கான்? வேலை குடுக்கவனும் படிப்புச் சொல்லுதவனும் ஒரே வீடு. திருவனந்தபுரம் போற பஸ்ஸுல தெனம் அந்த வழியாப் போயிட்டு, போன்ல வடநாட்டு ரேங்க்கு தேடுதியே, ஒன்னை என்ன சொல்ல?

இப்பம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. 2002-ல ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டுபேரு அமெரிக்காவுல ஒரு கணக்குப் போட்டாங்க. பெரிய காலேஜு, சின்ன காலேஜு ரெண்டுலயும் எடம் கெடைச்ச புள்ளையளா எடுத்துக்கிட்டாங்க. சிலது பெரிய காலேஜுக்குப் போச்சு, சிலது வேண்டாம்னு சின்னதுக்குப் போச்சு. வருசம் கழிச்சு ஆரு சம்பளம் கூடுதல்னு பாத்தா, பொதுவாப் பெரிய வித்தியாசமே இல்ல! கெட்டிக்காரன் எங்க போனாலும் கெட்டிக்காரன். ஆனா ஒரு எடத்துல மட்டும் கணக்கு மாறிச்சு. ஏழை வீட்டுப் புள்ளைக்கி. அதுக்குப் பெரிய காலேஜுல படிச்சது நெசமாவே சம்பளத்தைக் கூட்டிச்சு. பொறவு திரும்பவும் கணக்குப் போட்டப்பம், அப்பன் ஆத்தா அதிகம் படிக்காத வீட்டுப் புள்ளைக்கும் அப்படித்தான்னு தெரிஞ்சுது.

ஏன்னு நெனைக்க? வக்கீல் மவன் எந்தக் காலேஜுல படிச்சாலும் அவனுக்குச் சித்தப்பா ஒருத்தன் கம்பெனியில இருப்பான். பெரியப்பா போன் பண்ணுவாரு. எப்படிப் பேசணும், எந்தச் சட்டையைப் போடணும்னு வீட்டுலயே சொல்லிக் குடுத்துருவாங்க. லயத்துப் புள்ளைக்கி ஆரு போன் பண்ணுவா? நானா? நான் பண்ணுனா ‘ஆருவே நீரு?’ன்னு கேப்பான். அந்த எடத்துல காலேஜுப் பேருதான் ஒனக்குச் சித்தப்பா. காசு இருக்கவன்தான் ரேங்க்கு ரேங்க்குன்னு அலையுதான். அவனுக்கு அது நகை. ஒனக்குத்தான் அது தேவை. சிரிப்பா இல்லியா? அதனால நல்ல காலேஜுல உபகாரச் சம்பளத்தோட எடம் கெடைச்சா, பாட்டா சொன்னான்னு விட்டுட்டு வந்து நிக்காத. காலை ஒடச்சிருவேன். அதுக்காவ 42-க்கும் 51-க்கும் நடுவுல இருக்க வித்தியாசத்துக்கு நெலத்தை வித்தாலும் காலை ஒடப்பேன். அப்பன் காலை.

இன்னொண்ணு, இது கேரளா. இங்க ரேங்க்கு லிஸ்டுன்னா யூனிவர்சிட்டியோட லிஸ்டா? திருவனந்தபுரத்துல பட்டம்ங்க எடத்துல இருக்க, கவர்மெண்டு வேலைக்கி ஆளெடுக்க பி.எஸ்.சி. ஆபீசு போடுத லிஸ்டுலே! அதுல வருதது காலேஜுப் பேரு இல்ல, ஒன் பேரு. பரீட்சையில வாங்குன மார்க்குதான் கணக்கு. கேரளா யூனிவர்சிட்டி, 1937-ல திருவிதாங்கூர் யூனிவர்சிட்டியாத் தொடங்குனது, ஏ பிளஸ் பிளஸ் கிரேடு வாங்கிட்டுன்னு போர்டு வச்சிருக்கு. சந்தோசம். பி.எஸ்.சி. அதுக்கு அரை மார்க்கு கூடப் போட மாட்டான். அவன் கேக்கது வேற. தமிழ்நாட்டுல போயி பட்டம் வாங்கிட்டு வந்தா, அது இங்கத்த பட்டத்துக்குச் சமம்தானான்னு ஈக்குவலன்சி சர்ட்டிபிக்கட்டு கேட்டாலும் கேப்பான். அதுக்கு அலையுதவன் செருப்புத் தேஞ்ச கதை இந்த மலையோரத்துல ஏராளம். திருநெல்வேலியில மனோன்மணீயம் சுந்தரனாருல சேருததா, இங்க கேரளாவுல சேருததான்னு கேட்டா, ரேங்க்கைப் பாக்க முன்ன இந்தத் தாளு சங்கதியை விசாரி. இதை எந்தப் பட்டியலும் ஒனக்குச் சொல்லாது.

பிளக்ஸ் போர்டைப் பாத்து வாயைப் பொளக்கதையும் நிறுத்து. ‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், ஹையஸ்ட் பேக்கேஜ் 40 லட்சம்’னு ஒரு பயலோட படத்தைப் போட்டிருப்பான். அந்த 40 லட்சம் அவனுக்கு. ஒனக்கு எவ்வளவு? கேட்டியா? 2024-ல ஐ.ஐ.டி.யில படிச்ச புள்ளையள்லயே பலருக்கு வளாகத்துல வேலை அமையாம நின்னுச்சு. அப்படி இருக்க, மூணாம் வரிசைக் காலேஜுல நூறு சதவீதமாம். கேக்கவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியும்.

பட்டியல்ல ஒரே ஒரு நல்ல சமாச்சாரம் உண்டு. அதை எவனும் பாக்கதில்ல. என்.ஐ.ஆர்.எப்.புக்குக் காலேஜு குடுத்த கணக்கு, தாளோட வெளிய கெடக்கு. காலேஜுகாரனும் தன் பக்கத்துல போட்டு வச்சிருப்பான். எத்தனை புள்ளை சேந்துச்சு, எத்தனை குறிச்ச வருசத்துல முடிச்சுச்சு, எத்தனைக்கி வேலை, எத்தனை மேல்படிப்புக்குப் போச்சு, எல்லாம் இருக்கும். அதுல மீடியன் சம்பளம்னு ஒரு கட்டம். புள்ளையளைச் சம்பள வரிசையில நிப்பாட்டி, நட்ட நடுவுல நிக்கவனோட சம்பளம். பிளக்ஸுல நிக்கவன் இல்ல, நடுவுல நிக்கவன். மக்கா, நீ நடுவுல நிக்கவன்தான். கோவப்படாத. பாட்டாவும் நடுவுல நின்னவன்தான்.

அதையும் அப்படியே முழுங்கிராத. காலேஜு தானே எழுதிக் குடுத்த கணக்கு அது. கொலம்பியாவே தடுமாறுன எடம். அந்தக் காலேஜுல போன வருசம் படிச்சு முடிச்ச ரெண்டு மூணு பேரைத் தேடிப் புடி. வேலையில சேந்தவன் ஒருத்தன், சேராதவன் ஒருத்தன். சேராதவன்கிட்டத்தான் உண்மை கூடுதலாக் கெடைக்கும். அவனுக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல, நேரமும் நெறைய இருக்கும்.

போ, டவரு கெடைக்க எடத்துல போயி நில்லு. ஒனக்குப் புடிச்ச மூணு காலேஜோட தாளை எறக்கு. எத்தனை பேரு சேந்தாங்க, எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, இது மூணையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எங்கிட்ட கொண்டா. ரேங்க்கை மட்டும் அதுல எழுதாத. எழுதுனன்னு வையி, அந்தச் சீட்டுல பாட்டா வெத்தலையை மடிச்சு இடுப்புல சொருவிருவேன், ஆமா.